வீட்டை நாள் வாடகைக்கு விடறவங்க கேட்ட கேள்விகள்

கேள்வி: கிரீம்ஸ் ரோடு பக்கத்துல எங்களுக்கு ஒரு டூ பெட்ரூம் ஃப்ளாட் இருக்கு சார். ட்ரீட்மென்ட்டுக்கு வர்ற பங்களாதேஷ் குடும்பங்களுக்கு பத்து நாள், பதினஞ்சு நாள்னு விடறோம். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் வாங்கி வச்சுக்கிட்டா போதும்னு புரோக்கர் சொல்றார், சரியா?

போதாதுங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட்ல வர்ற யாரை தங்க வச்சாலும் 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல எஃப்ஆர்ஆர்ஓவுக்கு, அதாவது வெளிநாட்டுக்காரங்களை பதிவு பண்ற மத்திய அரசு ஆபீஸுக்கு, தகவல் போயாகணும், ஃபார்ம் சின்னு எல்லாரும் சொல்றது இதைத்தான். 2025 செப்டம்பர்லேருந்து புது சட்டம் வந்துடுச்சு, ஆனா அந்த 24 மணி நேரக் கணக்கு மாறல. இது ஹோட்டலுக்கு, லாட்ஜுக்கு மட்டும்தான்னு நினைச்சு நிறைய பேர் விட்டுடறாங்க, ஒரே ஒரு ரூம் விட்டாலும் உங்களுக்கும் உண்டு. முதல் கெஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டு அட்ரஸ் கொடுத்து லாகின் வாங்கி வச்சுடுங்க, ஏன்னா அவங்க விடியக்காலை ஃப்ளைட்ல இறங்கி பெட்டியை வச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா அந்த நாள் போயிடும். கூட வர்ற அட்டெண்டருக்கும் தனியா போடணும். இதை ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, நாம போடாம விட்டா நாளைக்கு விசா நீட்டிக்கறப்ப அந்த ஆபீஸ் இருக்கற சாஸ்திரி பவனுக்கும் ஆஸ்பத்திரிக்குமா அலையப்போறது அந்த குடும்பம்தான். பாஷை தெரியாத ஊர்ல, உடம்பு முடியாதவங்களை வச்சுக்கிட்டு அவங்க படற பாடு போதும், நம்மளால ஒண்ணு கூட சேர வேண்டாம்.

கேள்வி: மயிலாப்பூர்ல சொந்த வீடு, கீழே நாங்க இருக்கோம். மார்கழி சீசனுக்கு கச்சேரி கேக்க வர்றவங்களுக்கு மாடில ரெண்டு ரூம் விடலாமா?

தாராளமா விடலாம்மா. ஓனர் அதே வீட்டுல குடியிருந்தா மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டம் உங்களுக்குன்னே இருக்கு, 1 ரூம்லேருந்து 6 ரூம் வரைக்கும், மொத்தம் 12 பெட், சில்வர் கோல்டுன்னு ரெண்டு கிரேடு. நீங்க அண்ணா நகர்ல இருந்துக்கிட்டு மயிலாப்பூர் வீட்டை முழுசா விட்டா அதுல வராது, அப்ப கார்ப்பரேஷன் டிரேட் லைசென்ஸ் பத்தி ஜோனல் ஆபீஸ்ல கேட்டுக்கணும். அமெரிக்காவுலேருந்து வர்ற நம்மாளுங்க ஓசிஐ கார்டு (வெளிநாட்டு குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு தர்ற கார்டு) காட்டுவாங்க, அவங்க பாஸ்போர்ட்டும் வெளிநாட்டுதுதான், மேல சொன்ன 24 மணி நேர ஃபார்ம் சி அவங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: நான் வேளச்சேரில வாடகைக்கு இருக்கேன். காலியா இருக்கற ரூமை ஆப்ல போடலாமா?

ஓனர் எழுத்துல சம்மதம் கொடுக்காம போடாதீங்க தம்பி. 2017 வாடகை சட்டத்துல அது உங்களை காலி பண்ண வைக்கறதுக்கே ஒரு காரணம்.

கேள்வி: ஈபி, ஜிஎஸ்டி எல்லாம் மாத்தணுமா?

வீட்டு கனெக்ஷன்ல 100 யூனிட் ஃப்ரீ வாங்கிக்கிட்டு முழு ஃப்ளாட்டையும் லாட்ஜ் மாதிரி ஓட்டினீங்கன்னா செக்கிங்ல மாட்டும்போது மின்சார சட்டம் 126-வது பிரிவுல ரெண்டு மடங்கு ரேட் போடுவாங்க, அதனால கமர்ஷியலுக்கு மாத்திடுங்க. சொத்து வரியும் அதே மாதிரி, பயன்பாடு மாறினா ரேட் மாறும். ஜிஎஸ்டி, வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாதான் நீங்க பதியணும், ஆனா கடை வாடகை மாதிரி வேற வரவு இருந்தா அதையும் சேர்த்துதான் கணக்கு, இதுல ஏமாந்துடாதீங்க. ரூம் வாடகை நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் இப்ப 5 பர்சன்ட், அதுக்கு மேல 18. நீங்க பதிவு பண்ணாதவரா இருந்து ஆப் மூலமா புக்கிங் வந்தா வரியை ஆப்காரங்களே கட்டணும்.

கேள்வி: கல்யாணம் ஆகாத ஜோடி வந்தா ரூம் கொடுக்கலாமா, போலீஸ் பிரச்சனை வருமா? அக்கம்பக்கத்துல பேசறாங்க.

கோயம்புத்தூர்ல ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை இதே காரணத்துக்காக சீல் வச்சாங்க, 2019-ல ஹைகோர்ட் அதை திறக்க சொல்லிடுச்சு, கல்யாணம் ஆகாதவங்க ரூம்ல தங்கக்கூடாதுன்னு எந்த சட்டமும் இல்லன்னு தெளிவா சொன்னாங்க. அதனால பயப்படாம கொடுங்க, ஆனா ரெண்டு பேர் ஐடியும் பாத்து ரெஜிஸ்டர்ல எழுதுங்க, ஆதார்னா கடைசி 4 நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு காப்பி வாங்கினா போதும். ஒருத்தருக்கு 18 வயசு ஆகலன்னா மட்டும் சாவி கொடுக்காதீங்க.