மேடில்லாத காட்டில் மலைச்சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

கிழக்கு இங்கிலாந்தில் நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களின் எல்லையில் இருக்கிறது தெட்ஃபோர்ட் காடு. அதைச் சுற்றி ‘பிரெக்ஸ்’ எனப்படும் மணற்பூமி. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்தப் பகுதியைப் பற்றியவை.

சுற்றிலும் தட்டையான நிலம். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் வாங்கலாமா? (வாசகர், கேம்பிரிட்ஜ்)

வேண்டாம். முன்னால் மட்டும் 100 அல்லது 120 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயில் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல டயரிலும் நல்ல சீட்டிலும் போடுங்கள்.

சீட்டை ஏன் சொல்கிறோம் என்றால், மலையில் ஏறியவருக்கு இறக்கத்தில் கால் ஓய்வு கிடைக்கும். இங்கே இறக்கமே கிடையாது. மூன்று மணி நேரம் ஓட்டினால் மூன்று மணி நேரமும் மிதித்தாக வேண்டும், அதுவும் உட்கார்ந்தபடியே. பைன் மர வேர்கள் ஓயாமல் குலுக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். சீட் உயரத்துக்கு அதுதான் தொடக்கக் கணக்கு. மலைப்பாதை ஓட்டுபவர்களைப் பார்த்து சீட்டைத் தாழ்த்திக்கொண்டு வருபவர்களுக்கு இரண்டாம் மணி நேரத்தில் முட்டி வலிக்கும்.

கியரே இல்லாத ஒற்றைப் பல்சக்கர சைக்கிள் நன்றாக ஓடும் காடுகளில் இதுவும் ஒன்று. 29 அங்குலச் சக்கரத்துக்கு முன்னால் 32 பல், பின்னால் 17 அல்லது 18 பல் வைத்துப் பாருங்கள்.

மணல் வந்தாலே முன்சக்கரம் பக்கவாட்டில் பிடுங்கிக்கொண்டு போகிறது. எப்படிச் சமாளிப்பது? (வாசகி, நாரிச்)

பிரெக்ஸ் மணலை லேசாக நினைக்காதீர்கள். காட்டின் நடுவே இருக்கும் சான்டன் டவுனம் கிராமத்தின் ஒரு பகுதியைக் காற்றில் பறந்து வந்த மணல் மூடிய செய்தி 1668-இல் ராயல் சொசைட்டியின் ஏட்டிலேயே பதிவாகியிருக்கிறது. வனத்துறை 1922 முதல் பைன் நட்ட பிறகும் அடியில் இருப்பது அதே மணல்தான்.

முதலில் காற்றைக் குறையுங்கள். 75 கிலோ எடையுள்ளவர் 2.35 அங்குல டியூப்லெஸ் டயர் போட்டிருந்தால் முன்னால் 18–20, பின்னால் 21–23 பிஎஸ்ஐ வைக்கலாம். டியூப் போட்டிருந்தால் 26-க்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் வேரில் மோதும்போது ரிம்முக்கும் வேருக்கும் இடையே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை விழும்.

மற்றது உடம்பின் வேலை. மணல் தெரிந்ததும், அதில் இறங்கும் முன்பே, ஒன்றிரண்டு கியர் இலகுவாக்கிக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு மாற்றினால் செயின் முறுகும், வேகமும் செத்துவிடும். இடுப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி ஹேண்டில்பாரில் பாரத்தைக் குறையுங்கள். பிடியை இறுக்க வேண்டாம். முன்சக்கரம் கொஞ்சம் அலையட்டும். அதைத் திருத்தப் போனால்தான் விழுவீர்கள். திருப்பம் வேண்டுமென்றால் ஹேண்டில்பாரைத் திருப்பாமல் இடுப்பைச் சாய்த்துத் திருப்புங்கள். முன் பிரேக்கைத் தொடவே கூடாது. மிதிப்பது நிற்காமல், சீராக இருக்கட்டும்.

இன்னொன்று: இந்தக் காட்டுக்கு மழைக்காலமே நல்ல காலம். நீர் சட்டென்று இறங்கிவிடும், ஈர மணல் கெட்டிப்பட்டு நிற்கும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் கோடையில்தான் பாதை மாவாகிப்போகும். கேம்பிரிட்ஜுக்கு மேற்கே உள்ள களிமண் பாதைகளுக்கு இது நேர் எதிர். அங்கே நவம்பரில் போனால் அரைக் கிலோமீட்டரில் சக்கரமும் ஃபிரேமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

சீலன்ட் ஊற்றியிருந்தும் டயர் கிழிந்து காற்று போய்விட்டது. சீலன்ட் பழையதா? (வாசகர், இப்ஸ்விச்)

பழையதாகவும் இருக்கலாம். சீலன்ட் என்பது ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம். 29 அங்குல டயருக்கு 80 முதல் 100 மி.லி. வேண்டும்; மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும், காய்ந்து தோலாகியிருக்கும். ஆனால் உங்கள் டயரைக் கிழித்தது பெரும்பாலும் சக்கிமுக்கிக் கல். இந்தக் காட்டுக்குள் இருக்கும் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில், புதிய கற்காலத்தில் கோடரி செய்ய இந்தக் கல்லுக்காகவே நானூறுக்கும் மேற்பட்ட குழிகள் தோண்டினார்கள். உடைந்தால் கண்ணாடி போன்ற விளிம்பு. டயரின் அடிப்பகுதியை விட்டுவிட்டு, மெல்லிய பக்கச்சுவரைத்தான் அது வெட்டும்.

இரண்டு மூன்று மி.மீ. ஓட்டை என்றால் அந்த இடம் கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் வையுங்கள். சீலன்ட் தேங்கி அடைத்துவிடும். அதைவிடப் பெரிதானால் பிளக் எனும் ரப்பர் திரி. ஊசியோடு உள்ளே குத்தி, வெளியே ஒரு சென்டிமீட்டர் வால் நிற்கும்படி விட்டு, ஊசியைச் சட்டென்று உருவுங்கள். பிறகு கைப்பம்பால் காற்றடியுங்கள். கார்பன் டையாக்சைடு குப்பி அடித்தால் சில வகை சீலன்ட் திரிந்துபோகும்.

ஒரு சென்டிமீட்டர் கிழிசலுக்கு பிளக் நிற்காது. டயரின் ஒரு பக்கத்தைக் கழற்றி, டியூப்லெஸ் வால்வை எடுத்துவிட்டு, உட்புறத்தைத் துடையுங்கள். அடுத்ததைத்தான் பலர் மறப்பார்கள்: உள்ளே முழுவதும் விரலால் மெதுவாகத் தடவி முள் தேடுங்கள். சீலன்ட் அடைத்து வைத்த பழைய முட்கள் ஐந்தாறு அங்கேயே குத்தி நிற்கும். அவற்றை எடுக்காமல் டியூப் போட்டால் நூறு அடிகூடப் போகாது. கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை ஒட்டுப்போடுங்கள். அது இல்லையா, ஐந்து பவுண்டு நோட்டை மடித்து வையுங்கள். 2016 முதல் வரும் பிளாஸ்டிக் நோட்டு இதற்கு அருமையாக உதவும், வீடு வந்து கழுவிச் செலவும் செய்யலாம். டியூபில் கொஞ்சம் காற்றேற்றி உள்ளே வைத்து டயரை மூடுங்கள்.

முள்ளைப் பற்றிக் கேட்காமலே ஒரு வார்த்தை. வேலி வெட்டத் தடை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. செப்டம்பரில் விவசாயிகள் இயந்திரத்தோடு இறங்குவார்கள். கருமுள் வேலியின் துண்டுகள் பாதையெங்கும் கிடக்கும். அந்தப் பருவத்தில் டியூப் மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடு இருந்தது. அதில் ஓட்டியதற்கு நில உரிமையாளர் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரியா? (வாசகர், பீட்டர்பரோ)

சரிதான். ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் குட்டிக் குட்டிக் கோடு நடைபாதை. அதில் சைக்கிள் ஓட்ட உங்களுக்கு உரிமை இல்லை. நீண்ட கோடு ‘பிரைடில்வே’, அதாவது குதிரைப்பாதை. 1968-ஆம் ஆண்டு கிராமப்புறச் சட்டம் அதில் சைக்கிளை அனுமதித்தது, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ‘பைவே’ எனப்படும் வண்டிப்பாதையிலும் ஓட்டலாம். வரைபடத்தில் மஞ்சளாகத் தெரியும் திறந்த நிலம் கால்நடையாகப் போவோருக்கு மட்டும்; பலர் ஏமாறுவது இங்கேதான். தெட்ஃபோர்ட் காட்டில் ஹை லாட்ஜ் மையத்திலிருந்து நிறம் குறித்த சைக்கிள் பாதைகள் இருக்கின்றன. முதல்முறை போகிறவர் நீலத்தில் தொடங்கலாம்.

எதிரே குதிரை வந்தால்?

நில்லுங்கள். பின்னாலிருந்து நெருங்கினால் தூரத்திலேயே குரல் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது, பின்சக்கர மையத்திலுள்ள ஃபிரீ ஹப்பின் டிக் டிக் சத்தத்துக்கு மிரளும். ஓட்டுபவர் கைகாட்டிய பிறகு அகலமாக விலகி, மெதுவாகக் கடந்து போங்கள்.

பெடர்ஸ் வேயை ஒரே நாளில் முடிக்க முடியுமா? (வாசகர், இல்ஃபோர்ட்)

உடம்பு பழகியிருந்தால் முடியும். நெட்டிஷால் ஹீத்திலிருந்து கடலோர ஹோம் கிராமம் வரை 46 மைல், ரோமானியர் போட்ட பழைய சாலை. தெற்கிலிருந்து வடக்கே போங்கள். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். சில துண்டுகள் நடைபாதை, அங்கே பக்கச் சாலைக்கு மாற வேண்டும். ராணுவப் பயிற்சி நிலத்தை ஒட்டிப் போகும் பகுதியில் பாதையை விட்டு ஓரடிகூட விலகாதீர்கள். வழியில் ஊர்கள் குறைவு என்பதால் இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். காசல் ஏக்கரில் நிரப்பிக்கொள்ளலாம்.

திரும்புவதை முன்பே யோசியுங்கள். கடற்கரை அருகே ஹன்ஸ்டன்டனில் இருந்த ரயில் நிலையம் 1969-இல் மூடியாயிற்று. கிங்ஸ் லின் வரை இன்னும் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு மிதிக்க வேண்டும். கால் அதையும் தாங்குமா என்று கணக்குப் போட்ட பிறகு கிளம்புங்கள்.

செயின் மூன்றே மாதத்தில் தேய்ந்துவிட்டது. (வாசகர், கோல்செஸ்டர்)

பிசுபிசுப்பான எண்ணெய் விட்டிருப்பீர்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரம். மெழுகு வகைக்கு மாறுங்கள். செயினை முழுதாகச் சுத்தம் செய்த பிறகுதான் அது பிடிக்கும். செயின் தேய்மானம் பார்க்கும் அளவுகோலில் 0.5 சதவீதம் காட்டியதும் செயினை மாற்றினால், பின்னாலுள்ள கேசட் எனும் பல்சக்கரத் தொகுப்பு பிழைக்கும்.

காட்டில் உண்ணி கடிக்குமாமே? (வாசகி, நாரிச்)

கடிக்கும், லைம் நோயும் வரலாம். புதரும் பெரணியும் உரசும் ஒற்றையடிப் பாதைகளில் அதிகம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை படும் இடம், பிள்ளைகளுக்குக் காதுப்பின்புறம் பாருங்கள். குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். தீ வைப்பது, வாசலின் தடவுவது எதுவும் வேண்டாம். தேதியைக் குறித்து வையுங்கள். சிவந்த வட்டம் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் தெரியும், மூன்று மாதம் வரைகூடத் தள்ளிப்போகலாம். கறுத்த தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் போகலாம். பரவும் வட்டமோ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.