பட்டறைக் கேள்விகள்: வெள்ளை பெயின்ட்டே போதும், தம்பி

கேள்வி: ஐயா, நானும் என் மைத்துனரும் சேர்ந்து இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். உடற்பகுதி 4130 குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) குழாய்களை வெல்டிங் செய்த கூடு. இந்த ஆடியில்தான் வெல்டிங் முடிந்தது. இறக்கை வேலை இன்னும் ஒரு வருடம் இழுக்கும். கொட்டகை கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூட்டுக்கு, பெயின்ட் தூளைத் தெளித்து அடுப்பில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் கொடுக்கலாம் என்கிறார் மைத்துனர். ஜி.ஐ. பைப் மாதிரி துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார் வெல்டிங்காரர். எது சரி? போல்ட்டுகளுக்குக் குரோம் முலாம் பூசலாமா?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: உங்கள் ஊர்க் காற்று எனக்குப் பழக்கம். 2018 கஜா புயலுக்குப் பிறகு என் அக்கா வீட்டுக்கு அங்கே புதுத் தகரம் போட்டோம். மூன்றாவது மழைக்காலத்தில் ஆணி அடித்த இடமெல்லாம் சல்லடை.

பெயரில் குரோமியம் இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். 4130-இல் குரோமியம் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். துருவேறா எஃகுக்குக் குறைந்தது பத்தரை வேண்டும். அதுவும் இந்த வகைக் கூடுகளில் குழாயின் சுவர் பல இடங்களில் 0.9 மில்லிமீட்டர்தான். கேட் கம்பியில் துரு கால் மில்லிமீட்டர் தின்றால் யாரும் கவனிக்கப் போவதில்லை. இங்கே தின்றால் குழாயில் கால்வாசிக்கு மேல் போச்சு.

வெல்டிங்காரர் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். உருகிய துத்தநாகம் சுமார் 450 டிகிரியில் இருக்கும். அதில் மெல்லிய கூட்டை முக்கினால் வளையும். என்ஜினைப் பொருத்தும் துளைகள் அப்புறம் ஒன்றோடொன்று சேராது. வாய் அடைத்த குழாய் தொட்டிக்குள் வெடிக்கவும் கூடும். பிறகு ஒரு விரிசலை வெல்டிங் வைக்கப் போனால் உடம்புக்கு ஆகாத துத்தநாகப் புகை வேறு.

மைத்துனர் சொல்வதில் நியாயம் உண்டு. பவுடர் கோட்டிங் அடுப்பின் 200 டிகிரி சூடு இந்த இரும்பைக் கெடுக்காது. எடையும் பெரிய விஷயமில்லை. அறுபது மீட்டர் முக்கால் அங்குலக் குழாய் என்று வைத்துக் கணக்குப் போட்டேன்: பெயின்ட்டுக்கும் பவுடருக்கும் வித்தியாசம் கால் கிலோவைத் தாண்டவில்லை. ஆனாலும் நான் கொடுக்க மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

விமானப்படையில் விமானத்தின் உடற்கூட்டைப் பராமரிக்கும் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருபது வருடம் இருந்துவிட்டு கும்பகோணம் திரும்பியதும், ஒரு என்ஜின் ஸ்டாண்டு செய்தேன். பவுடர் கோட்டிங் கொடுத்து, தரங்கம்பாடியில் நண்பர் கொட்டகையில் வைத்தேன். இரண்டு வருடம் பளபளவென்று இருந்தது. ஒருநாள் ஸ்பேனர் விழுந்த இடத்தில் சின்னத் தெறிப்பு. நகத்தால் கீறினேன், அப்பளம் மாதிரி ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்து வந்தது. அடியில் மண்புழு ஊர்ந்த தடம் போலத் துருக்கோடுகள். ஒரு வெல்டிங் மூட்டில் மயிரிழை விரிசல். எத்தனை மாதமாக இருந்ததோ! அந்தத் தடித்த தோல் மேலே இழுபட்டுக்கொண்டு அதை மறைத்திருந்தது. ஸ்டாண்டு என்பதால் சிரித்துவிட்டு வந்தேன்.

உங்களுக்கு வேண்டியது, அடியில் நடப்பதை மறைக்காத பூச்சு. சுரண்டிவிட்டு அந்த இடத்தை மட்டும் நீங்களே திரும்ப அடித்துக்கொள்ளும் பூச்சாகவும் இருக்கவேண்டும். இரண்டு டப்பாவில் வருவதைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் மெல்லியதாக வெள்ளை பெயின்ட். வெள்ளை வேட்டியில் வெற்றிலைக் கறை மாதிரி, விரிசல் விட்டால் பழுப்புக் கோடு கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். மேல்பூச்சு பாலியூரித்தேன் என்றால் துணி முகமூடி கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள், அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். கிரில் பட்டறை ரெட் ஆக்சைடு வேண்டவே வேண்டாம். கூட்டின்மேல் போர்த்தும் துணியை ஒட்டும் பசையின் கரைப்பான் பட்டால் சுருங்கிக் கிளம்பிவிடும், எபாக்ஸி தாங்கும்.

பூச்சைவிடத் தயாரிப்புதான் முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகே, காற்றழுத்தத்தில் மணலை அடித்துத் துருவை உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங். காவிரி மணலை அள்ளி அடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்தத் தூசியும் நுரையீரலை அரிக்கும். கடல் மணலில் உப்பு. கார்னெட் என்ற கனிமத் தூள் வாங்குங்கள், மெல்லிய குழாய் என்பதால் அழுத்தத்தைக் குறைத்து அடியுங்கள். அடித்தபின் வெறுங்கை படக்கூடாது. உங்கள் ஊரில் காலையில் அடித்தால் மதியத்துக்குள் பிரைமர் ஏறியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே கூடாது. பங்குனி வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கூட்டுக்கு எண்ணெய் தடவி வையுங்கள்.

குழாயின் உள்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிறு துளை வழியாகக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைச் சூடாக ஊற்றி, கூட்டை எல்லாப் பக்கமும் புரட்டி, நன்றாக வடியவிட்டுத் துளையை அடையுங்கள். வால் பக்கத்துக் கீழ்க்குழாயில்தான் ஈரம் தங்கும்; அங்கே இரண்டு முறை புரட்டினால் தப்பில்லை.

போல்ட்டுக்குக் குரோம் கூடாது. முலாம் பூசும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, வலுவான இரும்பையும் நொறுங்கவைக்கும். உடனே அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் சூடாக்கி அதை வெளியேற்ற வேண்டும். பைக் சைலன்சருக்கு முலாம் பூசும் கடையில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. விமான போல்ட்டுகள் பெரும்பாலும் காட்மியம் என்ற உலோகம் பூசித்தான் வரும். அப்படியே போடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், காட்மியம் விஷம்.

மைத்துனரிடம் வாதாட வேண்டாம். மிச்சக் குழாயில் நாலு துண்டு வெட்டுங்கள். இரண்டுக்குப் பவுடர், இரண்டுக்கு எபாக்ஸியும் வெள்ளையும். ஒவ்வொன்றிலும் பிளேடால் இரும்பு தெரியும்வரை பெருக்கல் குறி கீறி, கடல் பார்த்த சுவரில் மழைக்கு முன் தொங்கவிடுங்கள். தை பிறந்ததும் கழற்றி, கீறலின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.