எந்தத் தளம் எப்போது பதில் சொல்லும்?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். அறை முன்பதிவுத் தளத்திலும் ரயில் விவரம் தரும் தளத்திலும் கேட்டு, இரண்டும் ஒத்துவரும் தேதிகளைக் காட்டும் பக்கத்தை மகன் அமைத்துத் தந்தான். சில வேளை 2 நொடியில் வருகிறது. சில வேளை 20 நொடிக்கும் மேல் ஆகிறது. ஒவ்வொரு தளமும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முடியும் ஆச்சி. சொந்தத் தரவுத்தளம் என்றால் எத்தனை பதிவுகள், எதற்குக் குறியீடு (விரைந்து தேட உதவும் அட்டவணை) உண்டு என்பதெல்லாம் கைவசம் இருக்கும். அதை வைத்துப் பதிலைத் தேடச் செலவு குறைந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஐபிஎம் ஆய்வகத்தில் பாட்ரீசியா செலிங்கர் குழுவினர் 1979இல் வெளியிட்டார்கள். நம் வீட்டு உக்கிராணத்தில் எந்த ஜாடியில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பிறர் உக்கிராணத்துக்குள் நுழைய முடியாது. வாசலில் நின்று கேட்கலாம், எவ்வளவு நேரத்தில் தருகிறார்கள் என்று பார்க்கலாம்.

அப்படிப் பார்த்த நேரத்தையே பாடமாக்கலாம் என்பதை மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லூயிகா ரஷீத் குழுவினர் 2000இல் எழுதினார்கள். பதில் வந்த நேரத்தைக் கிழமை, மணி, தரவின் அளவு ஆகியவற்றோடு பதிந்து, அதிலிருந்து அடுத்ததைக் கணிப்பது. சந்தை நாளில் காலையில் காரைக்குடிக்கு அனுப்பிய ஆள் எப்போது திரும்புவார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இந்தக் கணக்கில்தான்.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஆத்தங்குடிக் கல் விற்கும் நண்பருக்கு, லாரி வாடகையை ஒரு தளத்தில் கேட்டுச் சொல்லும் பக்கம் அமைத்தேன். சராசரி 4 நொடி. பதிவைப் பிரித்துப் பார்த்தால் 10 தடவையில் 9 தடவை 2 நொடி, ஒரு தடவை 22 நொடி. 4 நொடியில் வந்த பதில் ஒன்றுகூட இல்லை! அந்த 22கள் பெரும்பாலும் மாலை 6 மணியை ஒட்டியே விழுந்திருந்தன. மணிவாரியாகப் பிரித்த பிறகுதான் அந்தப் பதிவு உதவியது.

இனி உங்கள் பக்கம். அறைத் தளம் ஒரே கேள்வியில் மாதம் முழுவதையும் தருகிறது, ரயில் தளத்தில் தேதிக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்குத் தட்கல் திறக்கும் நேரத்தில் ரயில் தளம் கேள்விக்கு 3 நொடி எடுக்கும் என்று கணிப்பு சொன்னால், அறையை முதலில் கேளுங்கள். 5 நாள்தான் காலி என்றால் 5 கேள்வி, 15 நொடி. ரயிலை முதலில் கேட்டால் 30 கேள்வி, 90 நொடி. அதுவே மதியம் அறைத் தளம் 20 நொடி திணறும், ரயில் தளம் அரை நொடியில் சொல்லும் என்றால் இரண்டையும் ஒருசேரக் கேட்டுவிடுங்கள். அறைப் பதில் வருவதற்குள் 30 தேதிக்கும் ரயில் விவரம் வந்துவிடும். ஒரே வரிசையை எல்லா நேரத்துக்கும் வைத்திருப்பதுதான் விருந்தினரைக் காக்க வைக்கிறது.

கேள்வி: கணிப்பை எப்படிப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது?
- ஒரு மாணவர், தேவகோட்டை

பதில்: இணையத்தின் அடித்தளமான டிசிபி நெறிமுறைக்கு வான் ஜேக்கப்சன் 1988இல் தந்த கணக்கைப் பாருங்கள் தம்பி. பழைய கணிப்பில் எட்டில் ஏழு பங்கு, புதிய அளவில் எட்டில் ஒரு பங்கு; இரண்டையும் கூட்டினால் அடுத்த கணிப்பு. காத்திருக்கும் வரம்புக்கு, கணிப்போடு விலகலின் (கணிப்புக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள சராசரி இடைவெளியின்) 4 மடங்கைக் கூட்டுகிறார்கள். நான்கு வரி நிரல்; இன்று மாலையே எழுதிப் பாருங்கள்.