சித்திக்கு என்ன ஆனது?

கேள்வி: எனக்கு 34 வயது, இரண்டு குழந்தைகள். ஆறு வருடமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று படித்ததும் பயந்துபோய், போன வாரம் அட்டையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். செய்தது சரியா? என் தங்கையும் இதே மாத்திரைதான் போடுகிறாள். அம்மாவின் தங்கை ஒருவர் மார்பில் கட்டி வந்து 39 வயதில் இறந்துபோனார். வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கேள்வி முழுக்க மாத்திரையைப் பற்றி. சித்தி கடைசியில் வந்து போகிறார். தலைகீழாக எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

மாத்திரைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையை, புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருப்பது உண்மைதான். ஆதாரம் எவ்வளவு பலம் என்பதற்கான பட்டியல் அது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பது அதில் தெரியாது. டென்மார்க்கில் 18 லட்சம் பெண்களை வைத்துச் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், ஹார்மோன் கருத்தடை பயன்படுத்துகிறவர்களுக்கு ஆபத்து சுமார் 20 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. ஆள் கணக்கில் பார்த்தால், 7,690 பெண்கள் ஒரு வருடம் பயன்படுத்தினால் கூடுதலாக ஒருவருக்கு நோய் வரும். 35 வயதுக்குள் என்றால் 50,000 பேரில் ஒருவருக்கு. நிறுத்தினால் அந்தக் கூடுதலும் வருடங்கள் போகப்போகத் தேய்ந்துவிடும். சினைப்பை, கருப்பைப் புற்றுநோய்களை இதே மாத்திரை குறைக்கிறது என்பதையும் கணக்கில் எழுதுங்கள்.

பாதி அட்டையில் நிறுத்தியதுதான் தப்பு. அதற்குப் பிறகு பாதுகாப்பில்லாமல் சேர்ந்திருந்து 5 நாள் தாண்டவில்லை என்றால், காப்பர் டி வைத்துக் கருவைத் தடுக்கலாம். தாண்டிவிட்டால், 3 வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். ஹார்மோனே வேண்டாம் என்றாலும் காப்பர் டி இருக்கிறது, ஆணுறை இருக்கிறது. இரண்டு குழந்தை போதும் என்று முடிவாகிவிட்டதென்றால் கணவர் வாசெக்டமி செய்துகொள்ளலாமே! சின்ன அறுவை. 3 மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வரும்வரை மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும். ஆறு வருடம் நீங்கள் சுமந்தாயிற்று. இனி அவர் முறை.

இப்போது சித்தி. 39 வயதில் மார்பகப் புற்றுநோயில் ஒருவர் இறந்தால், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் பரம்பரையாக வரும் பிழை இருக்குமோ என்று கேட்டே ஆகவேண்டும். அந்தப் பிழை உள்ள பெண்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. இதன் பக்கத்தில் 7,690-இல் ஒன்றை வைத்துப் பாருங்கள். சின்னதற்குப் பயந்து பெரியதன் மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறது உங்கள் வீடு. மானம், துக்கம் என்று அம்மா ஆயிரம் காரணம் சொல்வார். எனக்கு எதுவும் ஏறாது. பெற்ற பெண்களிடம் மறைக்கிற நோய் குடும்ப ரகசியம் இல்லை, துரோகம். தெரிந்தும் தங்கையிடம் பேசாமல் இருக்கும் நீங்களும் அதில் கூட்டு.

அம்மாவை உட்கார வைத்துக் கேளுங்கள்: கட்டி தெரிந்தபோது சித்திக்கு என்ன வயது? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? உறவில் யாருக்காவது சினைப்பைப் புற்றுநோய் உண்டா? ஆண்களில் யாருக்காவது மார்பில் கட்டி? சிகிச்சைக் காகிதங்கள் எங்கே? பதில்களோடு மரபணு ஆலோசகரிடமோ புற்றுநோய் மருத்துவரிடமோ போங்கள். சித்தி இல்லாததால், பரிசோதனை தேவை என்றால் முதலில் அம்மாவுக்குச் செய்வதே நல்லது. ரத்தமோ எச்சிலோ போதும். அம்மாவிடம் பிழை இருந்தால் உங்களுக்கும் தங்கைக்கும் தனித்தனியே பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவை விட்டு உங்களுக்கு மட்டும் செய்து, ‘இல்லை’ என்று வந்தால் அதை முழுசாக நம்ப முடியாது. பிழை இருப்பது உறுதியானால் 25 வயதிலிருந்தே வருடா வருடம் மார்பக எம்ஆர்ஐ ஸ்கேன், 30-லிருந்து மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) சேரும். மாத்திரையைத் தொடரலாமா என்பதை அந்த மருத்துவரிடமே பேசி முடிவு செய்யுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு வந்தது என்பதற்காக மட்டும் யாரும் அதை நிறுத்தச் சொல்வதில்லை.

அப்பா வழி அத்தைகளையும் விசாரியுங்கள். இந்தப் பிழை அப்பா வழியாகவும் அதே அளவு வரும்.