இதயத் துடிப்பு தப்புவதில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்ன பங்கு?

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா பழுதானால் இதயத் துடிப்பு தாறுமாறாகுமா, அந்த ஆற்றல் உற்பத்தியில் பங்கெடுக்கும் கோ-கியூ10 என்ற பொருளை மாத்திரையாகப் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில்: ஆம், ஆகும். இரண்டாவதை நம்பி, இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இதயத் தசைச் செல்லின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியில் 90 சதவீதத்துக்கும் மேல் அங்கிருந்து வருகிறது. கையிருப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, உற்பத்தி நின்றால் சில விநாடிகளில் தீர்ந்துபோகும். அந்த ஏடிபியில் பெரும்பகுதி தசை சுருங்கச் செலவாகிறது. மிச்சம் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகளை அவற்றுக்குரிய பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் பம்புகளுக்கு. துடிப்பின் ஒழுங்கு இந்த மிச்சத்தைத்தான் நம்பியிருக்கிறது.

எல்லாச் செல்களிலும் ஆற்றல் ஒரே அளவு குறைந்தால் இதயம் பலவீனமாகும். ஒரு திட்டில் குறைந்து, பக்கத்துத் திட்டில் குறையாமல் இருந்தால்தான் துடிப்பு தப்புகிறது. என் பார்வையில் இதுதான் விஷயத்தின் மையம்.

செல் சவ்வில் கே-ஏடிபி என்றொரு பொட்டாசியம் வாயில் இருக்கிறது. இதை 1983-ல் அகினோரி நோமா இதயச் செல்லில் கண்டறிந்தார். ஏடிபி போதுமான அளவில் இருக்கும்வரை அது மூடியே இருக்கும். ஏடிபி சரிந்தால் திறந்து பொட்டாசியத்தை வெளியே விடும். உடனே செல்லின் மின் துடிப்பு குறுகும். இன்னும் சரிந்தால் அந்தச் செல் தூண்டுதலுக்கே பதில் தராது. இதய அலை அந்தத் திட்டில் தடைபட்டு, சுற்றி வளைத்துப் போய், வந்த வழியிலேயே மறுபடி நுழைகிறது. இந்தச் சுழற்சிதான் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவாகவும் (இதயக் கீழறைகளின் அதிவேகத் துடிப்பு), சிதறினால் ஃபிப்ரிலேஷனாகவும் (ஒழுங்கற்ற நடுக்கம்) மாறுகிறது. அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்ததும் துடிப்பு மாறுவதற்கும் இதில் பங்கு உண்டு. ஆக்சிஜன் திரும்பும் அந்த நிமிடங்களில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஆக்சிஜன் தீவிரப்பொருட்கள் (செல்லைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகள்) பீறிட்டு வரும். ஒரு மைட்டோகாண்ட்ரியத்தின் உட்சவ்வு மின்னழுத்தம் சரிந்தால் அந்தச் சரிவு அடுத்ததற்கும் தொற்றும். ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்தும் மானிட்டரைக் கழற்றாமல் வைத்திருப்பது இதுபோன்ற துடிப்பு மாற்றங்களைக் கண்காணிக்கத்தான்.

இன்னொரு வழி கால்சியம். அதே தீவிரப்பொருட்கள் ரயனோடின் வாயிலை, அதாவது செல்லுக்குள் சேமித்த கால்சியத்தை வெளிவிடும் வாயிலைக் கெடுக்கின்றன. இரண்டு துடிப்புக்கு நடுவே, செல் ஓய்வில் இருக்க வேண்டிய நேரத்தில், கால்சியம் கசிகிறது. கசிந்த ஒரு கால்சியத்தை வெளியேற்ற மூன்று சோடியம் உள்ளே வர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: போவது இரண்டு நேர் மின்னூட்டம், வருவது மூன்று. மிஞ்சும் ஒன்று சேர்ந்து சேர்ந்து எல்லையைத் தொட்டால் அழையாத துடிப்பு ஒன்று பிறக்கும். இதயச் செயலிழப்பில் இது விஷச் சுழல்: செல்லுக்குள் ஏறும் சோடியம் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும் கால்சியத்தை உறிஞ்சிவிடுகிறது, அதனால் அங்கே ஆற்றல் உற்பத்திக்கும் தற்காப்புக்கும் எலக்ட்ரான் தரும் என்ஏடிஹெச், என்ஏடிபிஹெச் இரண்டும் குறைகின்றன, தீவிரப்பொருட்களை அடக்கும் சக்தியும் போகிறது.

பரம்பரை மைட்டோகாண்ட்ரிய நோய்கள் அரிது, ஆனால் தவறவிடக் கூடாதவை. கண்ணிமை தொங்கல், கண் அசைவு குறைவு, காது மந்தம், இவற்றோடு இசிஜியில் பிஆர் நீளமோ (மேலறையிலிருந்து கீழறைக்கு மின் அலை போகும் நேரம் நீளுதல்) பண்டில் பிளாக்கோ (கீழறைக்குப் போகும் மின் பாதைக் கிளையில் தடை) தெரிந்தால் பரம்பரை மைட்டோகாண்ட்ரிய நோய்களில் ஒன்றான கேர்ன்ஸ்-சேயர் நோய்க்குறியை நினைக்க வேண்டும். இதில் மின் அலைக் கடத்தல் கோளாறு விறுவிறுவென, அலை கீழறைக்கே போகாத முழு அடைப்புக்குப் போகக்கூடும் என்பதால் பேஸ்மேக்கர் முடிவைத் தள்ளிப்போடுவதில்லை. மெலாஸ் போன்ற வேறு மைட்டோகாண்ட்ரிய நோய்களுக்குக் காரணமான, மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் 3243-ஆம் இடத்து மாற்றத்தைத் தேடும்போது ரத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. வயது கூடக் கூட ரத்தத்தில் அதன் அளவு குறையும், சிறுநீரில் நன்றாகத் தெரியும்.

இனி மாத்திரை. 2014-ல் வெளியான கியூ-சிம்பியோ ஆய்வில் 420 பேர், தினம் மூன்று வேளை 100 மில்லிகிராம், இரண்டு வருடம், பலன் தெரிந்தது. ஆனால் அது இதயச் செயலிழப்புக்கான ஆய்வு, துடிப்புக் கோளாறுக்கானது அல்ல. அதைவிட முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும். ஏடிபி மெக்னீசியத்தோடு சேர்ந்துதான் பம்பில் வேலை செய்யும். வென்ட்ரிகிள் துடிப்புச் சிக்கல் உள்ளவர்களுக்குப் பொட்டாசியத்தை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். சிறுநீரகம் பழுதானவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் கோ-கியூ10 தொடங்கினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆரைச் சீக்கிரமே ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். கோ-கியூ10 ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை ஒத்த அமைப்புடையது, வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கக்கூடும்.