கையேட்டில் உங்கள் பெயர்

வணக்கம் சார்,

ஒரு கட்டற்ற மென்பொருளை நிறுவுவது எப்படி என்று தமிழில் பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கிட் (Git) மென்பொருள் எனக்குத் தெரியாது, மெயிலில்தான் அனுப்பினேன். தம்பி தன் பழைய லேப்டாப்பில் ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்து, ஏழாவது படியில் நின்றுபோகிறது என்று சொன்னான், திருத்தினேன். இப்போது கையேடு வெளிவந்துவிட்டது. பதிவேற்றியவர் பெயர்தான் இருக்கிறது, என் பெயர் எங்கும் இல்லை. தன்னார்வமாகச் செய்த வேலைக்குப் பெயர் கேட்டால் அல்பமாகத் தெரியுமோ?

- ம.

அன்புள்ள ம.,

அல்பமாகத் தெரியாது. கேளுங்கள். காசு வாங்காமல் உழைத்தவருக்குக் கையில் மிஞ்சுவது அந்தப் பெயர்தான். நாளைக்கு ஒரு வேலைக்குப் போய், 'இது நான் எழுதியது' என்று காட்ட வேறு என்ன இருக்கிறது?

மெயிலில் அனுப்பியதைக் குறையாக நினைக்க வேண்டாம். 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக கிட் உருவானபோது, அங்கே திருத்தங்கள் வந்துகொண்டிருந்ததே மெயிலில்தான். எழுதுகிறவர் ஒருவர், அதை வாங்கிச் சேர்க்கிறவர் இன்னொருவர். அதனால்தான் ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது கிட்டில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்திலும், ஆத்தர் (எழுதியவர்), கமிட்டர் (சேர்த்தவர்) என்று இரண்டு இடம் தனித்தனியாக இருக்கிறது. சேர்க்கும்போது ஆத்தர் இடத்தில் உங்கள் பெயரைக் கொடுத்திருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். கொடுக்காவிட்டால் இரண்டிலும் சேர்க்கிறவர் பெயரே விழும். பெரும்பாலும் அவசரத்தில் நடப்பதுதான். அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை.

பழைய கமிட்டை மாற்றச் சொல்லாதீர்கள்; பிரதி எடுத்து வைத்திருக்கும் எல்லோருக்கும் சிக்கலாகும். கையேட்டின் தொடக்கத்தில் போடச் சொல்லுங்கள். படிக்கிறவர் கிட் வரலாற்றையா தோண்டிப் பார்க்கப்போகிறார்? லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் கையேடு ஒன்றைத் திறந்து பாருங்கள். காப்புரிமைப் பக்கத்திலேயே இந்தப் பதிப்புக்குப் பங்களித்தவர்கள், முந்தைய பதிப்புகளுக்குப் பங்களித்தவர்கள் என்று தனித்தனியாகப் பெயர்கள் இருக்கும். அந்த இரண்டாவது பட்டியல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாளை வேறொருவர் உங்கள் பதினாறு பக்கத்தையும் மாற்றி எழுதினாலும், முதலில் எழுதியது நீங்கள் என்பது அழியாது.

அப்புறம், எந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'பை' (BY) என்று இருந்தால், எழுதியவர் பெயரைச் சொல்வது நிபந்தனை. குனு ஆவண உரிமம் என்றால், மாற்றி வெளியிடுகிறவர் முதன்மை ஆசிரியர்களில் ஐந்து பேரையாவது தலைப்புப் பக்கத்தில் போட வேண்டும். ஐவருக்குக் குறைவாக இருந்தால் எல்லோரையும்.

இன்னொன்று. கெர்னலில் பிழையைச் சொன்னவருக்கு 'ரிப்போர்ட்டட்-பை', சோதித்துப் பார்த்தவருக்கு 'டெஸ்டட்-பை' என்று கமிட்டிலேயே ஒரு வரி எழுதுவார்கள். ஒரு வரிகூட நிரல் எழுதாதவரும் அங்கே பெயரோடு இருக்கிறார். ஏழாவது படியில் சிக்கி நின்று, அடுத்து வருகிறவர்களைக் காப்பாற்றியவர் உங்கள் தம்பி. பெயரைப் பொதுவில் போடச் சம்மதமா என்று முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சரி என்றால், கையேட்டைப் பராமரிப்பவருக்கு எழுதும் மெயிலில் இரண்டு பெயரையும், எப்படி அச்சாக வேண்டுமோ அதே எழுத்தில், எழுதி அனுப்புங்கள்.