கருவை உடலே எதிர்க்கிறதா?

கேள்வி: 3 முறை கரு தங்கியும், ஒவ்வொரு முறையும் 10 வாரங்களுக்குள் கலைந்துவிட்டது. ரத்தத்தில் என்.கே. செல்கள் (நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ஒருவகை வெள்ளையணுக்கள்) அதிகம் இருப்பதால் என் நோய் எதிர்ப்புச் சக்தியே கருவை அழிக்கிறது என்றும், அதை அடக்க மருந்து ஏற்ற வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: அந்த ஒரு பரிசோதனையை மட்டும் நம்பி ஏற்றிக்கொள்ள வேண்டாம், சகோதரி. கருப்பையின் உட்சுவரில் உள்ள என்.கே. செல்கள், ரத்தத்தில் ஓடும் அதே பெயருள்ள செல்களிலிருந்து வேறுபட்டவை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அங்கே ஏராளமாகக் கூடி, தாயின் ரத்தக் குழாய்கள் அகன்று நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் பாய உதவுபவை. கையில் எடுத்த ரத்தத்தில் அவற்றை எண்ணிவிட்டு, கருப்பைக்குள் நடப்பதைச் சொல்லிவிட முடியாது.

தந்தையின் மரபுக்கூறுகளையும் சுமக்கும் கருவைத் தாயின் உடல் ஏன் அந்நியமாகக் கருதி ஒதுக்குவதில்லை என்ற கேள்வியை பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் 1953-இல் எழுப்பினார். அந்த வழியில் எழுந்த ஊகத்தை நம்பி, கணவரின் வெள்ளையணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போடும் சிகிச்சைகூடப் பல ஆண்டுகள் நடந்தது; 1999-இல் வெளிவந்த ஆய்வு அதனால் பலனில்லை என்று காட்டியது. இழப்பில் தவிக்கும் பெண்களிடம் நிரூபணமாகாத சிகிச்சையை நம்பிக்கையாக விற்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

கருச்சிதைவில் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பங்கு உறுதிப்பட்ட நிலை ஒன்று உண்டு. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் எனப்படும் அந்நிலையில், உடல் தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருட்களை உண்டாக்க, அவை நஞ்சுக்கொடி வேரூன்றுவதைக் கெடுப்பதோடு ரத்தம் உறையவும் வழிசெய்கின்றன. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பொருள் ஆகிய 3 பரிசோதனைகளால் இதைக் கண்டறிவார்கள். ஏதேனும் தொற்று வந்து போன பிறகு இந்த எதிர்ப்பொருட்கள் தற்காலிகமாகத் தோன்றி மறைவதுண்டு என்பதால், முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் குறைந்தது 12 வாரங்கள் கழித்து மறுபடி எடுத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால், குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும். ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடைவதில்லை.

தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். இப்படித் தொடர்ந்து கரு கலையும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்தக் காரணமும் தென்படுவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் தனிச் சிகிச்சை ஏதுமின்றியே பின்னர் குழந்தை பெறுகிறார்கள். ஆரம்பக் கருச்சிதைவுகளில் சுமார் பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் நேர்பவை. அதற்கு நீங்கள் உண்டதோ செய்ததோ காரணமில்லை. அடுத்த ஆலோசனைக்குக் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். குரோமோசோம் பரிசோதனை தேவைப்பட்டால், அது அவருக்கும் சேர்த்துத்தான்.